மருதமலைப் படியில் ஆல்ப்ஸ் பயிற்சி

இது ஆல்ப்ஸ் மலையேற்றத்துக்கான பயிற்சி என்று மருதமலைப் படிகளில் இன்று யாரிடமும் சொல்லவில்லை.

சுமைக்காக முதுகுப் பை நிறைய அரிசி. உட்காராமல் உச்சிவரை ஏறிவிட்டால் ஆல்ப்ஸில் வெகுநாளாக ஆசைப்பட்ட ஒரு பனிமலைக் கிராமத்துக்குப் போவது, முடியாவிட்டால் ஆசையை விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

பாதியில் பை கனத்தது. உட்காரப் போனேன்.

"ஏனுங்க அம்மணி, பையில என்னங்க?" என்றார் பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்த ஓர் அக்கா.

"அரிசிங்க."

"அப்ப வேண்டுதலுங்களா? கல்யாணத்துக்கா? பாதியில உக்காரக்கூடாது கண்ணு. வாங்க, நானும் கூட வாரேன்."

"பொண்ணு நேர்ந்துக்கிட்டு வருதுங்க, வழி விடுங்க" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டே முன்னால் போனார்.

ஏறிவிட்டேன். கத்த வேண்டும் போலிருந்தது. அக்கா என் பெயரும் நட்சத்திரமும் கேட்டு, நல்ல வரன் அமைய அர்ச்சனை செய்தார்.

வீட்டுக்கு வந்ததும் சுவிட்சர்லாந்துக்கு டிக்கெட் எடுத்தேன். ஒரே ஒரு டிக்கெட்.