டீச்சரா, கொத்தனாரா?

அறுபதுகளின் தொடக்கத்தில் மணமேல்குடிப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் நான் ஓராசிரியர் பள்ளி நடத்திக்கொண்டிருந்தேன். நடத்தினேன் என்பதைவிட மாறுதலுக்குக் காத்திருந்தேன் என்பதே சரி.

அங்கே கிராம சேவிகாவாக ஒரு இளம்பெண் வந்தார். வீட்டுப் பெண்களுக்குப் புகையில்லா அடுப்பு கட்டச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. இரண்டு மாதமாகியும் ஓர் அடுப்புகூட எழும்பவில்லை. இதற்குள் அவருடைய அப்பா மகளுக்கு ஆசிரியப் பயிற்சியில் இடம் வாங்கிவிட்டார். அடுத்த திங்கட்கிழமை வந்து அழைத்துப்போவதாகத் தகவல். போவதா, இருப்பதா என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. என் பள்ளி வாசலுக்கும் கிணற்றடிக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

புதன்கிழமை பெண்களைச் சாவடிக்கு வரச் சொல்லியிருந்தார். அன்று காலை என் பள்ளிக்கு ஒரு பிள்ளைகூட வரவில்லை. தேடிப்போனால், அத்தனை பேரும் மடியில் சிலேட்டோடு சாவடியில் உட்கார்ந்திருந்தார்கள். தோளில் பை மாட்டிய பெண் யாராக இருந்தாலும் அந்த ஊருக்கு டீச்சர்தான். டீச்சர் கூப்பிட்டால் பிள்ளைகளைத்தானே அனுப்புவார்கள்?

மீன்கூடையோடு போன ஒருத்தி எட்டிப்பார்த்தாள். "நல்லா அடிச்சுச் சொல்லிக் குடுங்க டீச்சர். எம்மவன் ஒரு எடத்துல இருக்க மாட்டான்."

"நான் டீச்சர் இல்லைங்க ஆத்தா. அடுப்புக் கட்ட வந்திருக்கேன்."

"அப்ப கொத்தனாரா?"

பிள்ளைகள் சிரித்தன. சேவிகாவின் முகம் சிவந்தது. "ஆமா, கொத்தனார்தான். ஒங்க வீடு எங்கிட்டு இருக்கு? வாங்க, இப்பவே கட்டுறேன்."

அன்றே கட்டினார். மண் காய நாலைந்து நாள் பிடித்தது. திங்கட்கிழமை காலை பற்றவைத்தபோது நானும் வாசலில் நின்றேன். புகை குழாய் வழியாக வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே சுருண்டது.

"புகையில்லாத அடுப்புன்னீங்க. புகைதான் இருக்கு, அடுப்பத்தான் காணோம்!" என்றாள் வீட்டுக்காரி, இருமிக்கொண்டே.

அந்த நேரத்தில் அப்பா வந்து சேர்ந்தார். "பஸ் திரும்பிரும்மா, கெளம்பு."

"கொழாய் வாய் சின்னதாப் போச்சுப்பா. இடிச்சுத்தான் கட்டணும். நான் வரல, நீங்க போங்க."

"இடிச்சுப் போட்டுட்டு ஓடிறாதீங்க கொத்தனாரம்மா" என்றாள் வீட்டுக்காரி.

அப்பா என் பக்கம் திரும்பினார். "வாத்தியார் வேலை நல்ல வேலைன்னு நீங்களாவது சொல்லுங்க சார்."

மாறுதலுக்குக் காத்திருக்கும் நான், "பஸ்ஸுக்கு நேரமாச்சு சார்" என்றேன். அவர் தனியாகப் போய் பஸ் ஏறினார். உள்ளே அடுப்பை இடிக்கும் சத்தம் கேட்டது. பள்ளி மணி அடிக்க நேரமாகியும் நான் அங்கேயே நின்றிருந்தேன்.