மஞ்சள் மேலங்கிக்காரருக்கு நான் குடுத்த விலாசம்

போன கிழமை கடை உடைபட்டதால, மஞ்சள் மேலங்கி போட்ட தொண்டர் படை ஒண்டு இண்டைக்கு ஜெர்மனியில, எசன் நகரத்தில, எங்கட தெருவைக் காக்க வந்தது.

நானும் சேரக் கேட்டன். என்ர அகலத் தோளைப் பாத்துத் தலைவனே ஒரு அடி பின்னுக்குப் போனான்.

"எங்க குடியிருக்கிறாய்?"

வீட்டைக் காட்டி, "தேத்தண்ணி குடிக்க வாங்கோ" எண்டன். சிரிச்சுக்கொண்டு வீட்டைப் படமெடுத்தான்.

மகள் தலையில கை வச்சாள். "அப்பா, அவங்கள் தேடுறதே எங்களைப் போல வெளிநாட்டு ஆக்களைத்தான்!"

நகரபிதா கந்தோருக்குப் போன் அடிச்சாள். "ஆக்கள் தெருவில நிக்கிறதைத் தடுக்க ஏலாது" எண்டு பதில்.

இப்ப வாசலில நாலு பேர் நிக்கிறாங்கள். நகரபிதா வீட்டுக்கே இவ்வளவு காவல் இல்லை.

மணி அடிக்கிறாங்கள். கூப்பிட்டது நான்தானே. கதவைத் திறக்கவோ, சொல்லுங்கோ?