வாழைமரமும் பச்சைக் கட்டியும்

எங்கள் மாதா கோயில் பங்குப் பேரவைச் செயலாளர் கெட்டவர் இல்லை. தெருவில் ஒரு சாவு என்றால் முதல் ஆளாக வந்து நிற்பார். ஆனாலும் அவர் சொன்ன ஒரு வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ராயபுரத்தில் எங்கள் கோயில் பீடத்துக்குச் சனிக்கிழமைதோறும் பூ வைக்கிறவள் நான். ரொம்ப காலம் பச்சை ஃபோமில்தான் வைத்தேன். செங்கல் மாதிரி இருக்கும். தண்ணீரில் ஊறவைத்துத் தட்டில் வைத்து, காம்பைக் குத்தினால் பூ அசையாமல் நிற்கும். பழைய கட்டியை என்ன செய்வது என்று கடையில் கேட்டதற்கு, "தண்ணில போடுக்கா, கரைஞ்சிடும்" என்றார் கடைக்காரர். நானும் நசுக்கி, கோயில் பின்பக்கக் குழாயடியில் கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அங்கே தண்ணீர் போகாமல் தேங்கியது. சாக்கடை மூடியைத் தூக்கிவிட்டுக் கையை விட்டால், பிடி பிடியாகப் பச்சைச் சேறு. எங்கே கரைந்தது? தூளாகியிருக்கிறது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து ஃபோனில் தேடிப் படித்தேன். அதுவும் ஒருவகை பிளாஸ்டிக்தானாம், மக்காதாம். எனக்கு நன்றாகக் காதில் பூச்சுற்றியிருக்கிறார்கள். அந்தக் குழாயடித் தண்ணீர் கால்வாய் வழியாகக் காசிமேட்டுக் கடலுக்குத்தான் போகிறது.

இனிமேல் பீடத்துக்கு ஃபோம் வேண்டாம் என்று செயலாளரிடம் சொன்னேன். சிரித்தார்.

"எண்ணூர்ல எவ்ளோ சாம்பல், எவ்ளோ எண்ணெய் கலக்குது. ஏற்கெனவே கலீஜாப் போன கடலும்மா இது. உன் ஒரு கட்டியாலயா கெடப்போவுது?"

இதுதான் அந்த வார்த்தை. கடலைக் கெடுத்தவன் சொல்லியிருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். சொன்னவர் இங்கேயே பிறந்து, இந்தக் கடல் மீனைத் தின்று வளர்ந்தவர். வாசலில் ஊரே குப்பை கொட்டுகிறது என்பதற்காக வீட்டுக்காரனும் சேர்ந்து கொட்டுவானா?

"திருவிழாவுக்கு ஃபோம் இல்லாமயே வச்சுக் காட்டறேண்ணா. பூ சாஞ்சா உங்க இஷ்டம்" என்றேன்.

"சரி. சாஞ்சா ஃபோமு, நின்னா உன் இஷ்டம்" என்றார்.

முதலில் காத்திவாக்கத்தில் மீன் பிடிக்கும் என் அண்ணனிடம் கிழிந்த வலை வாங்கி வந்தேன். வலையும் நைலான்தான், ஆனால் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாமே என்று எண்ணம். சுருட்டிக் கிண்ணத்தில் அடைத்துக் காம்புகளைச் செருகினால் பூ ஜம்மென்று நின்றது. சோப்புப் போட்டு நன்றாக அலசியிருந்தேன். எனக்கு வாசனை தெரியவில்லை, பூனைகளுக்குத் தெரிந்தது. ஞாயிறு பூசையில் சாமியார் பிரசங்கம் வைத்துக்கொண்டிருக்கும்போதே கிண்ணத்தைக் கவிழ்த்து, ரோஜாவோடு வலையை இழுத்துக்கொண்டு போயின. கோயிலே சிரித்தது. செயலாளர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அந்த வாரம் எங்கள் தெரு மண்டபத்தில் கல்யாணம். வாசலில் கட்டியிருந்த வாழைமரங்களை மறுநாள் குப்பையோடு எறிந்திருந்தார்கள். ஒன்றை வீட்டுக்கு இழுத்து வந்தேன். அடிமரத்தைத் துண்டு துண்டாக வெட்டி, குடைக்கம்பியால் துளை போட்டுச் சம்பங்கியும் ரோஜாவும் குத்தினேன். தண்ணீர் அதற்குள்ளேயே இருந்தது. வாழைக்கறை பட்டால் பீடத்துணி போச்சு, அதனால் ஆழமான தட்டில் வைத்தேன். மறுநாளும் பூ வாடவில்லை. திருவிழாவுக்கும் இதுதான் என்று முடிவு செய்தேன்.

திருவிழா அன்று பாடற்பூசை முடிந்து, தேர் சுற்றித் திரும்பி வரும்வரை ஒரு பூ சாயவில்லை. ஜனங்கள் செயலாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "டெகரேஷன் சூப்பருண்ணா!" அவரும் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டார். கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்தார்.

"நின்னுச்சு, ஒத்துக்கறேன். ஆனா அடுத்த மாசத்துலேர்ந்து பூ வேலைய கான்ட்ராக்ட்ல வுட்டுட்டோம்மா. அவங்க ஃபோம்லதான் வைப்பாங்க. உனுக்கும் பேஜாரு மிச்சம்."

அப்படியானால் என்னிடம் கொடுத்த வாக்கு? பீடத்தில் மறுபடி பச்சைக் கட்டி ஏறியது. நான் பூசைக்குப் போய் அதைப் பார்த்து வயிறெரிந்துவிட்டுத் திரும்பி வருவேன்.

போன மாதம் செயலாளர் தன் மகள் கல்யாணப் பத்திரிகையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "ஒரு ஒதவி வேணும்மா. கல்யாணம் ஈ.சி.ஆர். மண்டபத்துல. அங்க ஃபோமை உள்ள வுடமாட்டானுங்க. அந்த வாழைமர வேலைய நீதான் வந்து செஞ்சுக் குடுக்கணும்."

"ஏன் வுடமாட்டாங்களாம்?"

"மண்டபம் கடலாண்ட கீதும்மா. தண்ணி கெட்டுடுமாம்."

எங்கள் வீட்டு வாசலில் நின்றால் காசிமேட்டுப் படகுகளின் இன்ஜின் சத்தம் கேட்கும். அப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் பத்திரிகையை வாங்கிக்கொண்டேன்.

"வரேண்ணா. வாழைமரமும் கொண்டாறேன். அதுக்கு முன்னாடி நம்ம பீடத்துல கீற பச்சைக் கட்டிய எடுக்கச் சொல்லுங்க."

அவர் என்னையே பார்த்தார். முகத்தில் கோபமில்லை, கிண்டலும் இல்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

"அதுக்கும் இதுக்கும் இன்னாம்மா சம்பந்தம்?"