இருக்கைக்கு அடியில் ஒரு கோடு

ஓட்டம் முடிந்து வண்டி நின்றதும் அம்மாவாசியின் கை இருக்கைக்கு அடியில் போகும். கம்பியைத் தூக்கி, இருக்கையைத் தள்ளி, வண்டிக்குச் சொந்தக்காரர் வைத்திருந்த இடத்தில் அது 'டக்'கென்று மாட்டிய பிறகுதான் சாவியை உருவுவார். அடுத்தது நடுக்கண்ணாடி. ரேகை படியும் என்று அதன் முகத்தைத் தொடமாட்டார். ஓரத்தைப் பிடித்து, முன்பு இருந்த சாய்வுக்குத் திருப்பிவைப்பார். ஓட்டும்போது கழற்றிப் பாலிதீன் பையில் சுற்றி வைத்த செருப்பை எடுத்துக்கொண்டு இறங்குவார். கதவைச் சாத்தியபின், அந்த வண்டியை அவர் ஓட்டினார் என்பதற்கு உள்ளே ஒரு தடயமும் இருக்காது.

சின்னமனூரில் அவர் ஆக்டிங் டிரைவர். வண்டி இருந்தும் ஓட்டத் தெரியாதவர்கள், தெரிந்தும் மதுரை வரைக்கும் துணியாதவர்கள், கல்யாணத்துக்குப் போய் நிதானமில்லாமல் திரும்புகிறவர்கள் எல்லோரும் அவருக்குத்தான் போன் செய்வார்கள். குள்ளமான மனிதர். சட்டைப்பையில் ஒரு மஞ்சள் துணி எப்போதும் இருக்கும். அது முகம் துடைக்க அல்ல, ஸ்டீரிங்கைத் துடைக்க.

நிறுத்திய வண்டிக்குள் அவர் உட்காரமாட்டார். மண்டப வாசலோ ஆஸ்பத்திரி வாசலோ, பத்தடி தள்ளி ஒரு மரத்தடியில் நிற்பார். மழையென்றால் கடை ஓரம். மற்ற டிரைவர்கள் சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு, "ஏண்ணே, வண்டி என்ன கடிச்சா வச்சுரும்?" என்பார்கள். "உக்காந்தா முதுகு புடிச்சுக்கிருதுப்பா" என்பார்.

முதுகில் ஒன்றும் இல்லை. முன்பு போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் மாதச் சம்பளத்துக்கு ஓட்டினார். ஒரு நாள் பெரியகுளத்தில் அடைமழை, வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். குடையோடு வந்த முதலாளி திட்டவில்லை. "உள்ள உக்காந்தா ஒறக்கம் வந்துரும்ல, அம்மாவாசி" என்று மெதுவாகச் சொன்னார். அவ்வளவுதான். ஆறடி உயரமுள்ள அந்த முதலாளி, தானே ஓட்டும் நாட்களுக்காக, இருக்கை நகரும் தண்டவாளத்தில் தன் அளவுக்கு வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தார். சாயங்காலம் இருக்கை அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். அந்த வேலையை விட்டு ஆறேழு வருஷம் ஆகிறது. மழையில் நிற்பதை மட்டும் அம்மாவாசி விடவில்லை.

இவர் இப்போது சொந்தமாக ஒரு பழைய வண்டி பார்க்கிறார். மகள் யுவராணிக்காக. பிளஸ் ஒன் படிக்கிறாள். பிறவியிலிருந்தே வலது கால் மடங்காது. தொடை வரைக்கும் இரும்புப் பட்டை. அந்தக் காலுக்கு அவள் வைத்த பெயர் 'பெரியவுக'. எங்கே போனாலும் அதற்கு எல்லோரும் இடம் விட வேண்டியிருக்கிறதாம். மாதம் ஒருமுறை மதுரை ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போக வேண்டும். சிறுமியாக இருந்தவரை அம்மா விஜி அவளைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றிவிடுவாள். இப்போது மகள் அம்மாவைவிட உயரம். போன இரண்டு மாதமும் போகவில்லை. முட்டிக்குக் கீழே பட்டை அழுத்தித் தோல் சிவந்திருக்கிறது.

கையில் இருப்பது இரண்டரை லட்சம். கடைசி சீட்டை மடக்கினால் அவள் ஊன்றி நடக்கும் நடைக்கம்பியும் பைகளும் வைக்க இடமுள்ள ஏழு பேர் வண்டி வேண்டும். நடுவழியில் நிற்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேனி பைபாஸ் ஓரம் வரிசையாக நிற்கும் பழைய வண்டிகளை அம்மாவாசி பார்த்துவிட்டு வருவார். வெயிலில் அவற்றின் முகப்பு விளக்குகள் மங்கி, கண்புரை விழுந்தவை போலிருக்கும். மிதியடியைத் தூக்கி மோந்து பார்ப்பார், டயரில் நகத்தால் கீறுவார், குனிந்து அடிப்பக்கம் பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தாலும் வேண்டாம் என்று வந்துவிடுவார். அந்த வட்டாரத்தில் விற்பனைக்கு வருகிற வண்டிகளில் பாதி அவர் ஓட்டியவை. எந்த வண்டிக்குள் என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியும்.

"அந்தச் செகப்பு வண்டியில ஒரு கல்யாணப் பொண்ணு கெங்குவார்பட்டி வரைக்கும் அழுதுக்கிட்டே வந்துச்சு" என்பார். "சாம்பல் கலரு, சாவு வீட்டுக்குப் போன வண்டி."

"சாவு வீட்டுக்குப் போகாத வண்டி ஷோரூம்லதான் நிக்கும்" என்பாள் விஜி. "அதுக்கு நம்மகிட்ட துட்டு இல்ல."

"யப்பா, நீங்க ஓட்டாத வண்டி வேணும்னா மலையேறிக் கேரளாவுலதான் தேடணும்" என்பாள் மகள்.

போடி முதலாளியின் ஏழு பேர் வண்டி விலைக்கு வந்த செய்தியை அம்மாவாசி வீட்டில் சொல்லவில்லை. முதலாளியின் மகன் அருண்பாண்டி நேராக விஜிக்கே போன் செய்துவிட்டார். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, இனி ஓட்டமாட்டார்; புதன்கிழமை தேனி புரோக்கர் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவான்; அதற்குள் வந்து பார்த்தால், கையில் இருப்பதற்கே முடித்துக்கொள்ளலாம்.

"அது வேணாம்" என்றார் அம்மாவாசி.

"என்ன கொறை?"

"கொறை ஒண்ணுமில்ல. ஆயில் மாத்துனதெல்லாம் நான்தான். இன்னைக்கும் மெக்கானிக்கு எங்கிட்ட கேட்டுத்தான் கைவப்பான். எங்கயும் ஒரசல் இல்ல. மலையில ஏறுன வண்டியும் இல்ல, தோட்டத்துக்கு ஜீப்புலதான் போவாக."

"பெறகென்ன?"

சட்டைப்பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து மடித்தார்; பிரித்து மறுபடியும் மடித்தார். "அது அவுக வண்டி" என்றார்.

"அவுகதான விக்கிறாக!" என்று விஜி எழுந்துபோய் மகளின் பட்டையை அவிழ்த்துக் களிம்பு தடவ ஆரம்பித்தாள். களிம்பு பட்டதும் பெண் பல்லைக் கடித்து இழுத்த மூச்சு வாசல்வரை கேட்டது.

செவ்வாய்க்கிழமை ஆட்டோ வைத்து மூவரும் போடிக்குப் போனார்கள். பெரிய வீட்டின் பக்கவாட்டில், தகரக் கொட்டகைக்குள் வெள்ளை வண்டி நின்றது. முதலாளி மாடியில் தூங்குவதாக அருண்பாண்டி சொன்னார். அம்மாவாசியின் குரல் உடனே இறங்கிவிட்டது. வண்டியிலிருந்து பத்தடி தள்ளி நின்றார்.

"ஏண்ணே அங்கன நிக்கிறீக? ஏறி உக்காந்து பாருங்க."

"இருக்கட்டும் தம்பி. புள்ள உக்காரட்டும்."

யுவராணியால் வலப்பக்கப் பின்கதவு வழியாகத்தான் ஏற முடியும். முதலில் சீட்டில் உட்கார்ந்து, உடம்பைத் திருப்பி, கடைசியாக அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைப்பாள். உட்கார்ந்தாள், திரும்பினாள், காலைத் தூக்கினாள். டிரைவர் சீட்டின் முதுகில் போய் அது முட்டியது. பாதம் வெளியே நின்றது.

"யப்பா, பெரியவுகளுக்கு எடம் பத்தல. முன் சீட்ட இழுங்க."

அம்மாவாசி வந்து முன்கதவைத் திறந்து குனிந்தார். தண்டவாளத்தில் வெள்ளைக் கோடு அப்படியே இருந்தது. இருக்கையும் அதில்தான் நின்றது. கம்பியில் கை வைத்தவர் மாடி ஜன்னலை ஒருமுறை பார்த்தார்.

"இழுங்கப்பா, கை வலிக்குது" என்றாள், காலைப் பிடித்தபடி.

இழுத்தார். தன் அளவுக்கு வந்தும் இடம் போதவில்லை. தண்டவாளத்தில் இன்னும் இரண்டு பல் முன்னால் இழுத்தார். கால் உள்ளே போனது. யுவராணி கதவைத் தானே சாத்திக்கொண்டு கண்ணாடிக்குள்ளிருந்து கட்டைவிரலைக் காட்டினாள். விஜி பர்ஸைத் திறந்து அட்வான்ஸை எடுத்தாள்.

சனிக்கிழமை வண்டி கைக்கு வந்தது. அன்றே மதுரைக்குப் போய்க் காட்டிவிட்டுத் திரும்பினார்கள். புதுப் பட்டைக்கு அளவெடுத்திருக்கிறார்கள். வயிறு ஸ்டீரிங்கில் உரச, முட்டி இரண்டையும் அகட்டிக்கொண்டு அம்மாவாசி ஓட்டினார். ஆண்டிபட்டிக் கணவாயில் டீ குடிக்க நிறுத்தியபோதும் இறங்கிப் பத்தடி தள்ளித்தான் நின்றார். விஜி இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. பூட்டைத் திறக்க விஜி முன்னால் போனாள். அம்மாவாசியின் கை இருக்கைக்கு அடியில் போனது. கம்பியைத் தூக்கினார், பின்னால் தள்ளினார்.

"யப்பா! பெரியவுக!"

பதறி முன்னால் இழுத்தார். "வலிச்சிருச்சா ஆத்தா?"

"இரும்புல மோதி ஒங்க சீட்டுக்குத்தான் வலிச்சிருக்கும்" என்றாள். "யாருக்குப்பா பின்னாடி தள்ளுனீக?"

யுவராணி பையைத் துழாவிச் சிவப்பு நகப்பூச்சுக் குப்பியை எடுத்து, தோளுக்கு மேலாக நீட்டினாள். "இங்கன ஒரு கோடு போட்டுருங்க. இல்லன்னா நாளைக்கும் மறந்துருவீக."

அந்தச் சின்னத் தூரிகை அவர் விரல்களுக்குள் நிற்கவில்லை. இறங்கி, குனிந்து, வெள்ளைக் கோட்டுக்கு வெகு முன்னால் சிவப்பாக ஒரு கோடு இழுத்தார். கொஞ்சம் வழிந்துவிட்டது; வழிந்ததை மஞ்சள் துணியால் துடைத்தார்.

"காயிற வரைக்கும் சீட்டு அசையக் கூடாதுல?" என்று கேட்டார்.

"அசையக் கூடாது."

அம்மாவாசி டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கதவைச் சாத்திக்கொண்டார்.