வரி கட்டினால் வரும் பணம்

அந்தப் போன் வந்தபோது வீட்டில் இருந்தது அம்மாவும் நானும்தான். அப்பா இல்லை, ஓடைப்பக்கத் தோட்டத்தில் லீக்ஸுக்கு மண் அணைக்கப் போயிருந்தார். தங்கை ஹாலிஎலையில், துணிக்கடை வேலையில். நான் பதுளையில் ஒரு காரியாலயத்தில் வேலை செய்கிறேன். மறுநாள் லீவு என்று முதல் நாள் மாலையே மடுல்சீமைக்கு பஸ் ஏறி வந்திருந்தேன்.

எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மண்மேட்டில் வெடிப்பு விட்டிருக்கிறது. மழை கனத்தால் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மேட்டில் கிடைத்த ஏழு பேர்ச் காணியில் சுவர் எழுப்பிவிட்டோம். கூரைதான் பாக்கி. அதற்கென்றுதான் அம்மா கொழுந்தெடுத்து ஓய்ந்தபோது கிடைத்த சர்வீஸ் காசு வங்கியில் இருந்தது. ஈபிஎஃப் என்கிற சேமலாப நிதிக்கும் எழுதிப் போட்டுக் காத்திருந்தோம்.

போனில் பேசியவன் நல்ல தமிழில் பேசினான். “அம்மா, சுகமா இருக்கீங்களா? ஒங்க ஈபிஎஃப் காசு ரெடிங்கம்மா. வரிய மட்டும் கட்டிட்டீங்கன்னா இன்னைக்கே போட்டுருவோம்.”

அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் சிரித்தாள். “நமக்கு வரி போடுறாங்களாம்டா! அம்புட்டுப் பெரிய ஆளாயிட்டோம்.”

“முப்பது வருஷத்துக் காசும்மா. வரி இருக்கத்தான் செய்யும். குடுங்க, நான் பேசுறேன்” என்றேன்.

முன்காசு கேட்டது எனக்கு உறுத்தவே இல்லை. எங்கள் காசை நாங்கள் வாங்குவதற்கு எப்போதும் முன்னால் எதையாவது கொடுத்தே பழக்கம். விண்ணப்பப் பாரம் நிரப்பித் தருகிறவருக்கு ஐந்நூறு, கூட வருகிறவருக்குச் சாப்பாடு, பஸ் காசு. இது வரியென்று பெயர் சொல்லி, மரியாதையாகக் கேட்டது. முப்பது வருஷத்தில் எந்த ஆபீசும் அம்மாவை “நீங்க” என்று அழைத்து நான் கேட்டதில்லை.

அவன் கேட்ட பன்னிரண்டாயிரத்து ஐந்நூறை என் கணக்கிலிருந்து அனுப்பினேன். காசு போடவேண்டிய கணக்கைச் சரிபார்க்க அம்மாவின் கார்டு நம்பரைக் கேட்டான். சொன்னேன். “இப்ப ஒரு மெசேஜ் வரும் தம்பி. அதுல உள்ள நம்பரச் சொல்லுங்க.” அம்மாவின் கணக்குக்கு என் போன் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். மெசேஜ் ஆங்கிலத்தில் வந்தது. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அதிலேயே இருந்தது. எங்கள் லயத்தில் அதை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். அவசரத்தில் நம்பரை மட்டும் பார்த்தேன். மூன்று தடவை வந்தது; மூன்று தடவையும் தெளிவாக வாசித்துக் காட்டினேன்.

மத்தியானம் அப்பா வந்து காலைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, காசு வரப்போகிறது என்று அம்மா சந்தோஷமாகச் சொன்னாள். அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“டேய், இன்னைக்குப் போயா. ஒனக்கே லீவு. அவனுக்கு மட்டும் எந்த ஆபீசுடா தொறந்திருக்கு?”

பௌர்ணமிப் போயா, நாட்டிலுள்ள எல்லா அரசாங்க ஆபீசும் பூட்டிக் கிடக்கிற நாள். அதனால்தான் நானே வீட்டில் இருந்தேன். அவன் நம்பருக்கு அடித்தேன், போகவில்லை. வங்கியின் அவசர நம்பருக்கு அடித்தேன். அம்மாவின் கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை என்றார்கள்.

அப்பா ஏசவில்லை. சாப்பிடாமல் மறுபடியும் தோட்டத்துக்குப் போய்விட்டார். ஏசியிருக்கலாம்.

விசாரிக்க வந்த அக்கம்பக்கத்தாரிடம் அம்மா, “நாந்தான் வெவரம் தெரியாம நம்பரச் சொல்லிட்டேன். தம்பி வீட்லயே இல்ல” என்றாள். படித்த பிள்ளை ஏமாந்தான் என்று லயத்தில் பேசிவிடக் கூடாதாம். நான் குனிந்துகொண்டு நின்றேன். இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன்: மெசேஜில் வரும் நம்பரை எவன் கேட்டாலும் கொடுக்காதீர்கள், காசு தர முன்காசு கேட்டால் போனை வைத்துவிட்டு, நேரில் போய் விசாரியுங்கள். ஆனால் வாசித்தது நான் என்று லயத்தில் இன்னும் சொல்லவில்லை.

சேமலாப நிதி இன்னும் வரவில்லை. மழை இருட்டினால் அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடக்கிறாள். மேட்டில் சுவர்கள் நனைந்துகொண்டு நிற்கின்றன.

காசு போன மறுநாள் பொலிசில் முறைப்பாடு எழுதியபோதும், நம்பரைச் சொன்னது தான்தான் என்றே அம்மா சொல்லப் பார்த்தாள். அங்கே மட்டும் நான் மறித்து, “நான்தான் சேர்” என்றேன். எழுதுகிறவர் தலை தூக்காமல் மொத்தம் எவ்வளவு என்று கேட்டார். நான் அனுப்பிய வரியையும் சேர்த்து மனதுக்குள் கூட்டியிருந்த அம்மா, எனக்கு முன்னால் சொல்லிவிட்டாள்.

“ரெண்டு லெச்சத்துத் தொண்ணூத்தெட்டாயிரத்து ஐந்நூறுங்க.”