மிச்ச வீடெல்லாம் எங்கே?

பஹ்ரைனில், ஈசா டவுனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன காண்ட்ராக்ட் கம்பெனியில் நான் டிராஃப்ட்ஸ்மேன். ஒரு நாள் ஓர் அர்பாப், அதாவது உள்ளூர் அரபு முதலாளி, வந்து மேசையில் ஒரு போட்டோவை வைத்தார். லண்டனில் படித்த காலத்தில் அவர் வாடகைக்கு இருந்த வீடாம். இருநூறு வருஷத்துக்கு மேல் பழையது. ஒடுங்கிய முகப்பு, மூன்று மாடி, பழுப்புச் செங்கல், மேலே தூக்கித் திறக்கிற உயரமான சன்னல்கள். கறுப்புக் கதவின் தலைமேல் விரித்த விசிறி மாதிரி அரைவட்டக் கண்ணாடி.

"இதே வீடு வேணும். வேற எதுவும் வேணாம்" என்று இந்தியில் சொன்னார்.

சிக்கல் என்னவென்றால், போட்டோவில் இருந்தது முகப்பு மட்டும்தான். அந்த ஊரில் இப்படிப்பட்ட வீடுகள் ரயில்பெட்டி மாதிரி வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்துச் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. அதில் சன்னலே இருக்காது. அர்பாபின் மனையோ நாலு பக்கமும் வெட்டவெளி. பக்கவாட்டிலும் சன்னல் வைத்து வரைந்து காட்டினேன்.

"மாஃபி! லண்டன்ல சைடுல சன்னல் மாஃபி" என்று பேனாவால் அடித்துவிட்டார். அரபியில் மாஃபி என்றால் கிடையாது.

சுவர் எழும்பியது. எங்கள் கொத்தனார் ராமநாதபுரத்துக்காரர். ஒரு நாள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

"அண்ணே, மிச்ச வீடெல்லாம் எங்கண்ணே?"

"எந்த மிச்ச வீடு?"

"ரொட்டியில ஒரு துண்ட மட்டும் வெட்டி நிறுத்துன மாதிரில்ல இருக்கு!"

போட்டோவில் மேல்மாடிச் சன்னல் ஒன்று செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருந்தது. அங்கே ஒரு காலத்தில் சன்னலுக்கு வரி போட்டார்கள், அதற்குப் பயந்து அடைத்திருப்பார்கள் என்று கொத்தனாருக்கு விளக்கினேன்.

"இங்கதான் வெளிச்சத்துக்கு வரி கெடையாதே, நாம எதுக்குண்ணே அடைக்கணும்?" என்றார். இருந்தாலும் அடைத்தோம்.

பெரிய வம்பு ஏசியில்தான் வந்தது. கூரையில் புகைபோக்கி தவிர எதுவும் தெரியக் கூடாது. உள்ளே சீலிங் பூவேலையில் ஓட்டை போடக் கூடாது. ஏசி ஃபோர்மேன் யோசித்துப் பார்த்து, பெட்டியை வீட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். குளிர்காற்றுக் குழாயைப் புகைபோக்கி வழியாக இறக்கி, வரவேற்பறைக் கணப்படுப்புக்குள் கொண்டுவந்து விட்டார்.

"குளிர் காயுற அடுப்புல இருந்து குளிரே வருதேண்ணே" என்றார் கொத்தனார்.

இதை அர்பாபிடம் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சாவி கொடுக்கிற நாள் வரை சொல்லவில்லை. அன்றைக்கு அவர் நேராகப் போய்க் கணப்புக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். காற்றில் அவர் தலைத்துணி படபடத்தது. நான் மனசுக்குள் மன்னிப்பை இந்தியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என் ரூம்லயும் இப்படித்தான்" என்றார். "வீட்டுக்காரம்மா நெருப்பு மூட்ட விடமாட்டாங்க. புகைபோக்கி வழியா பனிக்காத்து இறங்கும். கோட்டப் போட்டுக்கிட்டுதான் தூங்குவேன்." பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "இது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

போட்டோவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். கொத்தனார் இருமிக்கொண்டே வெளியே போனார்.

அர்பாப் டீ வரவழைத்தார். ஆகஸ்ட் மாத மத்தியானத்தில் கை நடுங்க நடுங்கக் குடித்தோம்.