பாட்டின் முடிவில் மூன்று தட்டு

அன்றைக்கு அந்த மாடி அறையில் இருந்தவர்கள் பதினோரு பேர். அறை இருக்கும் திருவனந்தபுரத்துக்காரர்கள் ஒன்பது பேர். மீதி இரண்டு நானும், காஞ்சிரங்குளத்தில் ஸ்கூல் வேன் ஓட்டும் என் கூட்டுக்காரனும். வராதவன் ஒருத்தன். பாறசாலையில் பைக் வொர்க்ஷாப் வைத்திருக்கும் எங்கள் மூன்றாவது ஆள். மறுநாள் காலையில் கல்யாணத்துக்குப் போக வேண்டிய ஒருவருடைய ஸ்கூட்டர் அவன் கடையில் எஞ்சின் பிரித்துக் கிடந்தது. நாங்கள் கேட்கப்போகும் கேள்வி அவனுடைய கேசட்டிலிருந்து வந்தது. அவன் இல்லாத நேரத்தில் அதைக் கேட்டது நான்.

அந்த அறைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் ராக் பாட்டுப் பைத்தியம். மாதத்தில் முதல் சனிக்கிழமை மத்தியானம் கூடுவார்கள். ஆளுக்கொரு கேள்வி கொண்டுவர வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து, அவருடையதை வாங்கிக்கொள்ள வேண்டும். லேசில் கிடைக்கிற விஷயத்தைக் கேட்டால் சிரித்துவிடுவார்கள். எந்த ரெக்கார்டில் டிரம்மர் ஒரு அடியை விட்டுவிட்டு அப்படியே வாசித்துப் போனார், எந்தப் பாட்டில் பின்னால் யாரோ தும்முகிறார்கள், இந்த வகை. வாசலில் ஒரு எவர்சில்வர் சட்டி இருக்கும். போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகணும்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. ஒரே ஒரு கேள்வி. அறையில் ஒருத்தருக்கும் பதில் தெரியக்கூடாது; கேட்டவர் தன் பதிலுக்குச் சாட்சி காட்ட வேண்டும். காட்டினால் உள்ளே. அதற்குப் பிறகு மாதாமாதம் போய் உட்கார்ந்து, சுவர் முழுக்க அடுக்கியிருக்கும் ரெக்கார்டுகளில் எதை வேண்டுமானாலும் போடச் சொல்லிக் கேட்கலாம். சாட்சி பொய்த்தால் ஒரு வருஷம் அந்தப் படி ஏற முடியாது.

எனக்கு அந்த அறையில் ஒரு இடம் வேண்டும் என்று இருந்தது. வேறு எதற்கும் அவ்வளவு ஆசைப்பட்டதாக நினைவில்லை.

என் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கொல்லயில் என்கிற ஊரில் தேங்காய் வெட்டு. அம்மாவுக்கு முந்திரி உடைக்கும் வேலை. எங்கள் பக்கம் அந்த ஃபேக்டரிக்கு அண்டி ஆபீஸ் என்று பெயர். நான் டிகிரி முடித்து, நெய்யாற்றின்கரையில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் பத்திரம் எழுதும் ஆபீஸில் டைப் செய்கிறேன். படிப்பு எனக்குத் தானாக வந்ததில்லை. எதையும் நோட்டில் எழுதி, மூடி, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் நிற்கும். ராக்கையும் அப்படித்தான் படித்தேன். யார் பேஸ் கிட்டார், யார் ரெக்கார்டிங் இன்ஜினியர், எந்த ஊர் ஸ்டுடியோ என்று நான்கு நோட்டு நிறைந்திருந்தது. நோட்டில் இருந்த விஷயத்தில் நான் தோற்றதில்லை.

காதால் கற்றது மட்டும் வொர்க்ஷாப்பில். வொர்க்ஷாப்காரனுடைய அண்ணன் கல்ஃபில் இருக்கிறார். அங்கே ரூம் மாறியபோது ஒரு அட்டைப்பெட்டி நிறைய கேசட்டுகளை ஊருக்கு அனுப்பிவிட்டார். எதற்கும் அட்டைப்படம் கிடையாது. பால்பாயிண்ட் பேனாவில் அண்ணன் எழுதியதுதான் பெயர். பழைய காரில் கழற்றிய ஸ்டீரியோவை ஒரு பேட்டரியில் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையை அடைத்துக்கொண்டு மூன்று பேரும் கேட்போம். கேட்டுவிட்டு ஒருவரை ஒருவர் கேள்வியால் மடக்குவோம். தோற்றவன் ஒரு கேசட்டைப் பேனாவால் முழுக்கச் சுற்ற வேண்டும். வேன்காரனுடைய விரல் காய்ப்பெல்லாம் ஸ்டீயரிங் பிடித்து வந்தது அல்ல, கேசட் சுற்றி வந்தது என்று நாங்கள் சொல்வோம்.

அந்தக் கேசட்டுகளில் ஒன்றில், இரண்டே ரெக்கார்டு போட்டுவிட்டுக் கலைந்துபோன ஒரு குழுவின் பாட்டு இருக்கிறது. மெதுவான பாட்டு. கடைசியில் கிட்டார் மட்டும் தேய்ந்துகொண்டே போகும். அது முழுக்க அடங்குமுன்னே மரக்கதவில் மூன்று தட்டு. நிதானமாக, ஒரே இடைவெளியில். அத்துடன் பாட்டு முடியும். முதல்முறை கேட்டபோது எனக்குக் கையில் மயிர் கூச்செறிந்தது. செத்துப்போன ஒருத்தி திரும்பி வந்திருக்கிறாள் என்று வேன்காரன் சொன்னான். பாட்டில் சாவு பற்றி ஒரு வரியும் இல்லை. ஆனாலும் அவன் சொன்னபிறகு எங்களுக்கு வேறு மாதிரி கேட்கவில்லை.

அந்த மாடி அறையில் நான் கேட்டது இதைத்தான். பாட்டின் முடிவில் கதவு எத்தனை முறை தட்டப்படுகிறது?

ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற இன்ஜினியர், அதிகம் பேசமாட்டார். எழுந்து போய்த் தன் லேப்டாப்பில் பாட்டைப் போட்டார். கிட்டார் தேய்ந்தது, அடங்கியது. தட்டு இல்லை.

எனக்குத் துளியும் பதற்றம் வரவில்லை. போனில் நாங்களும் இதைக் கேட்டிருக்கிறோம், தட்டு இல்லாததைப் பார்த்திருக்கிறோம், அதற்கு விடையும் கண்டுபிடித்து வைத்திருந்தோம்.

“இது பிறகு சுத்தம் பண்ணி இறக்கினது சார். சுத்தம் பண்ணும்போது சத்தம்னு நினைச்சு எடுத்திருக்கான். அசல்ல உண்டு.”

இரண்டு பேர் தலையாட்டினார்கள். அப்படி நடப்பதுண்டு, அவர்களுக்கும் தெரியும். அந்தக் குழுவின் அசல் ரெக்கார்டு அவர்களுடைய அலமாரியிலும் இல்லை.

“அப்போ அசல் பதிப்பைக் கொண்டுவா,” என்று வீட்டுக்காரர் மலையாளத்தில் சொன்னார். “அடுத்த மாசம். தட்டு இருந்தால் நீங்கள் மூன்று பேரும் உள்ளே.”

இல்லையென்றால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

திரும்பி வந்து வொர்க்ஷாப்பில் சொன்னபோது, கடைக்கும் கேசட்டுக்கும் சொந்தக்காரனான எங்கள் கேசட்காரன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம ஏம்லே அதப் போய்க் கேட்டீய?”

“நீ வரல்ல. கேள்வி நல்ல கேள்வியாக்கும்.”

“நல்ல கேள்விதான். அண்ணங்கிட்ட ஒண்ணு விசாரிச்சிருக்கலாம்லா.”

“உனக்க அண்ணனா அந்தப் பாட்டப் பாடினாரு?” என்றேன். “ரெக்கார்டுல உண்டுன்னா உண்டு. ஆளுக்க வாய் எதுக்கு?”

நான் வேலை பார்க்கும் இடத்தில் அப்படித்தான். நகல் ஆயிரம் கொண்டுவந்தாலும் அசல் எங்கே என்றுதான் சப் ரிஜிஸ்திரார் கேட்பார். அசல் வந்தால் பேச்சு முடியும். கேசட்டே ஒரு நகல் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். நகலில் இருப்பது அசலில் இருந்துதான் வந்திருக்கும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

பழைய ரெக்கார்டு விற்கும் பெங்களூர்க்காரர் ஒருவரிடம் முதல் பதிப்பு கிடைத்தது. விலையைக் கேட்டதும் வேன்காரன் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தான். மூன்று பேரும் பங்கு போட்டோம். எட்டாம் நாள் பார்சல் வந்தது. அட்டையைப் பிரித்து, கறுத்துப் பளபளக்கும் அந்த இசைத்தட்டை வெளியே எடுத்த பிறகுதான் மூன்று பேருக்கும் ஒரு விஷயம் உறைத்தது. அதைப் போட்டுக் கேட்க எங்களிடம் மெஷின் இல்லை. பாறசாலையில் விசாரித்தோம். ஒரு பழைய மைக்செட் கடையில் இருந்தது, ஊசி இல்லை.

“அங்க போய்த்தான் கேக்கணும்,” என்றான் வேன்காரன். “அவங்க முன்னாடி.”

“அதுக்கென்ன. அங்கயும் மூணு தட்டுதான் தட்டும்,” என்றேன்.

கேசட்காரன் மட்டும் ரெக்கார்டை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான், தட்டு எங்கேயாவது கண்ணுக்குத் தெரியுமா என்பதுபோல. பிறகு போனில் அதைப் படம் எடுத்தான். அண்ணனுக்கு அனுப்பவா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை மூன்று பேரும் பாசஞ்சரில் ஏறினோம். ரெக்கார்டையும் அந்தக் கேசட்டையும் துணிக்கடைப் பையில் போட்டு என் மடியில் வைத்திருந்தேன். நெய்யாற்றின்கரை தாண்டியபோது கேசட்காரனுடைய போனில் அண்ணனின் குரல் பதிவு வந்தது. அவன் காதில் வைத்துக் கேட்டான். கேட்டுவிட்டுப் போனை என்னிடம் நீட்டினான்.

அண்ணன் சிரித்துக்கொண்டே பேசியிருந்தார். “மக்கா, இந்த ரெக்கார்ட எவ்வளவு கொடுத்துடே வாங்குனீய? அந்தக் கேசட்டு நான் ரூம்ல வச்சுப் பிடிச்சதாக்கும். கூட இருந்த எகிப்துக்காரனுக்க ரெக்கார்டு பிளேயர் முன்னாடி நம்ம டேப்ப வச்சு அப்பிடியே பிடிச்சேன். நாங்க ரூம்ல ஆறு பேரு, குளிமுறி ஒண்ணு. ஆளுக்கொரு நம்பர் உண்டு. குளிச்சிட்டு வாறவன் உன் நம்பர் எத்தனையோ அத்தன தட்டு கதவுல தட்டுவான், நீ போய்க் குளிக்கணும். எனக்கது மூணு. பாட்டு தீரப்போவவும் அவன் தட்டவும் செரியா இருந்தது, அதோட டேப்ப நிறுத்திட்டேன், கேட்டியா?”

நான் இரண்டாவது முறை கேட்டேன். பிறகு வேன்காரனிடம் கொடுத்தேன். அவன் கேட்டு முடித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

“அப்பம் அந்தச் செத்துப்போனவ?”

“குளிக்கக் கூப்பிட்டிருக்கா,” என்றான் கேசட்காரன்.

மூன்று பேரும் சிரித்தோம். எதிரே இருந்த பெண் எங்களைப் பார்த்துவிட்டுப் பையை நகர்த்திக்கொண்டாள். சிரிப்பு அடங்கியதும் வேன்காரன் சொன்னான், “நேமத்துல எறங்கி அடுத்த வண்டியில திரும்பிப் போவோம். பார்சல்ல ஒடஞ்சு போச்சுன்னு சொல்லிரலாம். அப்பம் சாட்சி பொய்க்கல்ல. வேற கேள்வியோட வரலாம்.”

அவன் சொன்னதில் குற்றம் ஒன்றும் இல்லை. ரெக்கார்டு உடைந்தால் சாட்சியே இல்லை. சாட்சி இல்லாதவனை ஒரு வருஷம் நிறுத்திவைக்க அந்த அறையில் விதியும் இல்லை. நேமம் வந்தது. வண்டி நின்றது. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், கேள்வி என்னுடையது என்பதால்.

“எனக்கு இந்தப் பாட்டு எப்பிடி முடியுதுன்னு கேக்கணும்,” என்றேன். “அசல்ல. இத்தன நாள் நம்ம கேட்டது குளிமுறிய.”

வண்டி கிளம்பிவிட்டது.

மாடி அறையில் போனைச் சட்டியில் போடுவதற்கு முன்பே நான் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அண்ணனின் குரலையும் போட்டுக் காட்டினேன். முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு அறையே சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை அது. நாங்கள் ரயிலில் சிரித்த சிரிப்புதான். ஒருவர் அந்தக் கேசட்டைக் கேட்டு வாங்கிப் போட்டார். மூன்று தட்டும் விழுந்ததும், “இந்தப் பதிப்பு உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கும்,” என்றார்.

“சொல்லாமல் இருந்திருக்கலாமே,” என்றார் வீட்டுக்காரர். “பிரிட்டிஷ் பதிப்பில் இல்லை, ஜெர்மன் பதிப்பில் இருக்கும் என்று சொல்லியிருந்தால் நாங்கள் ஆறு மாசம் தேடியிருப்போம்.”

“அது சரியில்ல சார்.”

“சரியில்லைதான்.” அவர் ரெக்கார்டை உறையிலிருந்து எடுத்து, விளிம்பை மட்டும் தொட்டு, பிளேயரில் வைத்தார். “ஒரு வருஷம் என்றால் ஒரு வருஷம். அதில் மாற்றமில்லை. ஆனால் இன்றைக்குப் படி ஏறிவிட்டீர்கள். இறங்கினால்தான் வருஷம் தொடங்கும். உட்காருங்கள்.”

உட்கார்ந்தோம். ஊசி இறங்கியது. மனப்பாடமான பாட்டு. ஆனால் அடியில் ஒரு ஆர்கன் ஓடுவதை அன்றைக்குத்தான் கேட்டேன். எங்கள் கேசட்டில் அது மின்விசிறிச் சத்தம் என்று நினைத்திருந்தோம். கிட்டார் தேய்ந்துகொண்டே வந்தது. மூன்று தட்டு விழ வேண்டிய இடம் வந்தபோது கேசட்காரன் தன்னையறியாமல் முழங்காலில் ஒரு விரலைத் தூக்கினான். தட்டு இல்லை. கிட்டார் இன்னும் கொஞ்ச தூரம் போனது. ஒரே ஒரு தந்தி, நடுங்கி நடுங்கி, நின்றுவிட்டது என்று நினைக்கும்போது மறுபடியும் கொஞ்சம். பிறகு வாசித்தவன் மூச்சை விடுவது. அவ்வளவு சின்னச் சத்தம். லேப்டாப்பில் அது கேட்டிருக்கவில்லை.

வீட்டுக்காரர் எழுந்து ஊசியைத் தூக்கி, கடைசிப் பகுதியை மறுபடி போட்டார். இரண்டாவது முறையும் அந்த மூச்சு கேட்டது. அங்கிருந்த ஒருவருக்கும் அது தெரியாது என்பதை அவர்கள் முகமே சொல்லிற்று. அடுத்த மாதக் கேள்விக்கு இதை எடுத்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அதன் பிறகு அவர்கள் கேள்விகளை மாற்றிக்கொண்டார்கள். நாங்கள் வாயைத் திறக்கக்கூடாது. எனக்கு நான்கு கேள்விகளுக்குப் பதில் தெரிந்தது, அதில் இரண்டு அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. வேன்காரன் இரண்டு தடவை என் தொடையைக் கிள்ளினான், சொல்லிவிடுவேனோ என்று. நான் சொல்லவில்லை. ஆனால் உட்கார்ந்திருந்தபோது ஒரு விஷயம் நிச்சயமாகிவிட்டது. இந்த அறை எனக்கு எட்டாத இடம் இல்லை. ஒரு வருஷம் கழித்து வந்தாலும் இதே நாற்காலியில் இதே மாதிரி உட்காருவேன், அப்போது வாய் திறந்திருக்கும்.

வெளியே வந்தபோது வாசல்வரை வந்த ஒருவர், ரெக்கார்டை வாங்கிய விலைக்கே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் கேசட்காரனைப் பார்த்தேன்.

“விக்காண்டாம்,” என்றான் அவன். “அண்ணன் லீவுக்கு வாறாரு. அவரு இந்தப் பாட்ட முழுசாக் கேட்டதே இல்லல்லா. தட்டினதும் எந்திரிச்சுக் குளிக்கப் போயிருப்பாரு.”

“போட்டுக் கேக்க மெஷின் வேண்டாமாலே?” என்றான் வேன்காரன்.

“அந்த மைக்செட் கடைக்காரன் ஊசி வாங்கி வச்சிருக்கான், காசு நம்ம குடுக்கணும். விசாரிச்சாச்சு.”

படியிறங்கும்போதே வேன்காரன் ஒரு கடலைப் பொட்டலத்தின் பின்பக்கத்தில் கூட்டத் தொடங்கிவிட்டான். ரெக்கார்டு, பார்சல், இரண்டு சனிக்கிழமை ரயில், ஆட்டோ, டீ, பிறகு அந்த ஊசி. ஒரு வருஷம் வெளியே நிற்பதற்கு எங்கள் மூன்று பேருக்கும் ஆன செலவு நாலாயிரத்து நூற்றுத் தொண்ணூறு ரூபாய்.